தவழாத குழந்தையும் போலீசக்காவும்

வேலைக்குப் போகிற அம்மாக்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் போலீசக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் காப்பகத்தை நடத்துகிற மேடமே மறந்துவிட்டார். பட்டப்பெயர் வைத்தது சமையல்காரி. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. கைக்குழந்தைகள் அறைக்குள் செருப்போடு காலெடுத்து வைத்த ஒரு பெரிய அதிகாரியை, அவர் பெரிய அதிகாரி என்று தெரிந்தே, வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள். திராட்சையை நீளவாக்கில் நறுக்காமல் முழுசாகத் தட்டில் வைத்ததற்குச் சமையல்காரியிடம் ஒரு வாரம் பேசவில்லை. “தொண்டையில சிக்கினா உன் கரண்டிய விட்டு எடுப்பியா?” என்று கேட்டதோடு சரி.

கைக்குழந்தைகள் அறை அவள் ராஜ்ஜியம். தரை முழுக்க மெத்தென்ற விரிப்பு, சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளப் பலகை, குழந்தைகள் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்கு. ஜன்னலுக்குக் கீழே ஒரு கண்ணாடி. எந்தக் குழந்தை காதைத் தேய்த்துக்கொண்டே அழுகிறது, எது சோற்றை மெல்லாமல் கன்னத்தில் அடக்குகிறது, எதற்கு உச்சி சுடுகிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிவருவதற்குள் பார்த்துவிடுவாள். கொஞ்சுவது கிடையாது. ஆனால் அவள் மடியில் படுத்த குழந்தை தூங்காமல் இருந்ததும் கிடையாது. மிரட்டித் தூங்கவைக்கிறாள் என்று சமையல்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதிவைத்த சட்டங்களைவிடக் கறாரானது. குழந்தையின் முதல் நடையும் முதல் பேச்சும் வீட்டுக்குச் சொந்தம். ஒரு குழந்தை பலகையை விட்டுவிட்டுத் தத்தக்கா புத்தக்கா என்று நடந்துவிட்டால், பார்த்தவர்கள் மூச்சுவிடக்கூடாது. சாயங்காலம் அம்மா வந்ததும், “கால் துறுதுறுங்குது, இன்னிக்கு வீட்ல கொஞ்சம் தரையில விட்டுப் பாருங்க” என்று மட்டும் சொல்ல வேண்டும். மறுநாள் அந்த அம்மா முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து, “நேத்து ராத்திரி நடந்துட்டான்” என்பாள். இவர்கள் எல்லாரும் அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொள்ள வேண்டும். சமையல்காரிக்கு நடிப்பு வராது. “நெஜமாவா, நெஜமாவா” என்று அவள் அளவுக்கு மீறி ஆச்சரியப்பட்டு, காரியத்தையே கெடுக்கப் பார்ப்பாள்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே போலீசக்காதான். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வாய்தவறி ஓர் அம்மாவிடம் உளறிக்கொட்டியபோது, அவளைப் பால் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி ஒரு டோஸ் விட்டாள். “உன்கிட்ட விட்டுட்டுப் போறது அவ தலையெழுத்து. அவகிட்டேருந்து அதையும் பிடுங்கிக்கிட்டு, பெருமை வேற பீத்திக்கிறியா?” அந்தப் பெண் அழுதுவிட்டாள். இதற்கு எதற்கு இவ்வளவு ஆவேசம் என்று யாருக்கும் புரியவில்லை. சமையல்காரிக்கு மட்டும்தான் கதை தெரியும்.

கதை இதுதான். போலீசக்காவின் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். நல்லவன், வாயில்லாப் பூச்சி, ஆனால் அவன் ஒருத்தன் சம்பாத்தியத்தில் வீடு ஓடாது. அதனால் மகள் பிறந்து, குப்புற விழப் பழகுவதற்குள் இவள் காப்பக வேலைக்குக் கிளம்ப வேண்டிவந்தது. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலைவெட்டி இல்லாமல், கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்த வயசு அவளுக்கு. நல்ல கலகலப்பான பெண். அவள் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புதான் இவளுக்கு எமனாக வந்தது.

ஒருநாள் சாயங்காலம், குதிகால் வலிக்க வலிக்க வீட்டுக்குத் திரும்பினாள். நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அண்ணி, உங்க பொண்ணு மத்தியானமே நடந்துட்டா. நேரா என்கிட்டதான் வந்தா. நீங்க என்னடான்னா ஊரார் பிள்ளைக்கு நடை பழக்கிட்டு வர்றீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவள் கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு சிரிப்பு. இவள் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். துலக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்கினாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தை வாய்திறந்து அத்தையை ‘அம்மா’ என்றது. நாத்தனார் திருத்தவில்லை, “என்ன கண்ணு?” என்றாள். “விடு, சின்னப்பிள்ளைதானே” என்று புருஷன் சொன்னான். சின்னப்பிள்ளை வளர்ந்தது, பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்தாலும் அத்தையிடம்தான் ஓடியது, பெரியவளாகிச் சட்டை வாங்கப் போனாலும் அத்தையோடுதான் போனது. இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். காய்ச்சல் என்றால் அத்தைக்குப் போன். பரீட்சையில் பாஸ் என்றால் அத்தைக்குப் போன். பெற்றவளுக்குச் செய்தி எப்படி வரும் தெரியுமா? நாத்தனார் கூப்பிட்டு, “உங்ககிட்ட சொல்லலையா அண்ணி?” என்று கேட்பாள். அந்த ‘சொல்லலையா’வைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்காமல் சாகமாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் காப்பகத்து வாசலில் நாத்தனார் வந்து நின்றாள், இடுப்பில் தன் குழந்தையோடு.

அவளுக்குக் கல்யாணம் ஆனதே வயசு போன பிறகு. அப்புறமும் நெடுநாள் காத்திருந்து பெற்ற ஒரே பெண் குழந்தை. புருஷன் லாரியில் வெளியூர் வெளியூராகப் போகிறவன். அவளுக்குத் துணிக்கடையில் பில் போடுகிற வேலை, லீவு முடிந்துவிட்டது, கடை காப்பகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

“வேற எங்கயும் விட மனசு வரல அண்ணி. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?”

“அதானே, உனக்கென்ன கவலை?” என்றாள் போலீசக்கா. குழந்தையை வாங்கிக்கொண்டாள். வகையாக வந்து மாட்டினாயடி மகாராணி என்று அவள் நெஞ்சு குதித்தது. அன்றைக்கு முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை என்பதைச் சமையல்காரி கவனித்தாள்.

குழந்தைக்கு இன்னும் ஒரு வயசு நிறையவில்லை. கொழுகொழுவென்று இருந்தது. ஆனால் தவழவில்லை. உட்காரவைத்த இடத்தில் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கும். ரொம்ப அவசரமென்றால் பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு முழம் நகரும். டாக்டர் பார்த்துவிட்டார். காலில் ஒரு கோளாறும் இல்லை, இடுப்பிலேயே வைத்திருக்காதீர்கள், தரையில் விடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாத்தனாருக்குத் தரையில் விட மனசு வந்தால்தானே. விழுந்துவிடும், தலையில் இடித்துக்கொள்ளும், குளிரும். காலில் எந்நேரமும் உறை, அதற்குமேல் பூப்போட்ட ஷூ. அதைப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தை நிற்கப் பார்த்தால் வழுக்காமல் என்ன செய்யும்?

“இவ வயசுப் பிள்ளைங்கல்லாம் நடக்குது அண்ணி. இவ நடக்கவே மாட்டாளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது. நடந்துட்டான்னா போதும், வேற எதுவும் வேணாம் எனக்கு.”

அதைச் சொல்லும்போது அவளிடம் சிரிப்பு இல்லை. போலீசக்கா அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வலிக்கிற இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. இந்தக் குழந்தை நடக்கும். இந்த அறையில், என் கையைப் பார்த்துத்தான் நடக்கும். அன்றைக்குச் சாயங்காலம் நான் வாசலில் நிற்பேன். அவள் என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் அவளிடம் திருப்பிச் சொல்வேன். இப்படிக் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பழிவாங்குகிறேன் என்று அவள் செய்த காரியத்தை, பாசத்தில் செய்கிறவர்கள்கூடச் செய்யமாட்டார்கள். அம்மா தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, ஷூவையும் உறையையும் கழற்றி அலமாரியில் போடுவாள். வெறுங்காலோடு விரிப்பில் விடுவாள். உள்ளங்காலைத் தேய்த்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, குப்புறப் படுக்கவைத்து, கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் ஏதாவது ஒன்றை வைப்பாள். பொம்மைகளை அது மதிக்கவில்லை. சமையலறைப் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டதும் குழந்தைக்கு உயிரே வந்தது. சமையல்காரி சல்லடையைக் கேட்டதற்கு, “உனக்கு வேற வாங்கிக்கோ” என்றாள்.

பிறகு பலகை. சல்லடை பலகைமேல் இருக்கும். குழந்தை பலகையைப் பிடித்து முட்டிபோடும், உட்காரும், அழும். போலீசக்கா தூக்கமாட்டாள். பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “அழு. அழுது முடிச்சிட்டு எந்திரி” என்பாள். அதுவும் அழுது முடித்துவிட்டு எழுந்திரிக்கும். கையைப் பிடித்து இழுத்து நடக்கவைப்பது அவளுக்குப் பிடிக்காது. அதுவாக எழ வேண்டும், அதுவாக நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் மசித்த சோறும் காய்கறியும் அவளே ஊட்டினாள், மற்றவர்கள் ஊட்டினால் துப்பியது. தூங்கி எழுந்ததும் அவளைத்தான் தேடியது. அவள் பால் அறைக்குப் போய்விட்டால் பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டு வாசல்படி வரை வந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

“பாரு, பிள்ள உன்னத் தேடுது” என்றாள் சமையல்காரி.

“தேடட்டும். நல்லாத் தேடட்டும்.”

“அம்மா வந்தா அவகிட்டப் போகமாட்டேங்குதாமே.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யாராவது கேட்டாங்களா?”

சமையல்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். “இதெல்லாம் நல்லதுக்கில்ல, சொல்லிட்டேன். அவமேல இருக்கிற கோவத்துக்குப் பிள்ளைய வெச்சு விளையாடாத.”

“நான் என்ன பண்ணிட்டேன்? சோறு ஊட்டுறேன், கால் நீவி விடுறேன். இதுக்குப் பேரு விளையாட்டா?”

சமையல்காரி கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. குழந்தை எடை கூடியிருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது, பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கியிருந்தது. மேடம்கூட மற்றவர்களைக் கூப்பிட்டு, “பாத்துக் கத்துக்கோங்க” என்றார். போலீசக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சாயங்காலம் அம்மா வந்து கேட்டால் மட்டும், “அப்படியேதான் இருக்கா, பாப்போம்” என்று இழுப்பாள். தரையில் விட்டுப் பாருங்கள் என்ற அந்த ஒரு வார்த்தை, எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிற வார்த்தை, இந்த அம்மாவுக்கு மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. காலில் உறையும் ஷூவுமாகவே குழந்தை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அது நடந்தது ஒரு மழைநாளில். வெளியே விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, பாதிக் குழந்தைகள் வரவில்லை. போலீசக்கா அறை நடுவில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சல்லடை பலகைமேல்தான் கிடந்தது. அதை அது பார்க்கவில்லை. இவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே ஒரு கையை எடுத்தது, பிறகு மற்றக் கையையும் எடுத்தது. நின்றபடியே ஆடியது. போலீசக்கா துண்டை அப்படியே போட்டாள். கையை நீட்டக்கூட இல்லை. குழந்தை வந்தது. ஒரு கால், இன்னொரு கால், வயிறு முன்னால் தள்ள, வாய் பிளந்து, இரண்டு கையும் ஆகாயத்தில். வந்து அவள் மேல் விழுந்து முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “ம்மா” என்றது.

போலீசக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசில்லை. ஜெயித்துவிட்டேன், அதனால் வருகிற கண்ணீர் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் குழந்தையை அவள் இறுக்கிக்கொண்ட விதத்தைப் பார்த்து, கதவருகே நின்ற சமையல்காரி சத்தம்போடாமல் திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. மற்ற அம்மாக்கள் வந்து போனார்கள். போலீசக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றாள். சமையல்காரி பின்னாலேயே வந்தாள்.

“வேணாம். வழக்கத்தக் கொண்டுவந்தவளே நீதான்.”

“நீ உள்ள போ.”

நாத்தனார் குடையை மடக்கிக்கொண்டே வந்தாள். நாள் முழுக்க நின்று பில் போட்ட கால், நடை கொஞ்சம் தாங்கித் தாங்கி இருந்தது.

“மத்தியானமே உன் பொண்ணு நடந்துட்டா” என்றாள் போலீசக்கா. “நேரா என்கிட்டதான் வந்தா. நீ என்னடான்னா யாரோட துணிக்கோ பில்லு போட்டுட்டு வர்ற.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த சிரிப்பு.

நாத்தனாரின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். நடந்துவிட்டாள் என்ற சந்தோஷம். அது முழுசாகப் பூப்பதற்குள் மீதி வார்த்தைகள் உள்ளே இறங்கின. அவள் குடையைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போலீசக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கேட்டு வாங்கினால்கூட இப்படி அமையாது.

“நான் பாக்கணும்னு ஆசப்பட்டேன் அண்ணி” என்றாள் நாத்தனார்.

“நானும்தான் ஆசப்பட்டேன். ஞாபகம் இருக்கா?”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். ஞாபகம் இருந்தது. அவள் கண் அதைச் சொன்னது. கத்துகிற குழந்தையைப் பிடித்து வாங்கிக்கொண்டு, குடையை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். போலீசக்கா அன்றைக்கு இரவு வயிறாரச் சாப்பிட்டாள். புருஷன், “என்ன, இன்னிக்கு ஒரே குஷியா இருக்க?” என்று கேட்டான். “ஒண்ணுமில்ல, ஒரு பாரம் இறங்குச்சு” என்றாள்.

மறுநாள் குழந்தை வரவில்லை. சளியாக இருக்கும், மழை பெய்ததே என்று நினைத்தாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் கை சும்மா இருக்க மறுத்தது. விரிப்பை உதறினாள், பலகையைத் துடைத்தாள், வாசலைப் பார்த்தாள். மத்தியானம் யாருக்கோ சோறு ஊட்டும்போது பழக்கதோஷத்தில் அந்தக் குழந்தைக்குப் பிடித்த மாதிரிக் காயை ரொம்ப மசித்துவிட்டாள்.

வாரக் கடைசியில் நாத்தனார் வந்தாள். இடுப்பில் குழந்தை. காலில் உறையும் இல்லை, ஷூவும் இல்லை. மாற்றுத்துணிப் பையையும் போர்வையையும் பால் புட்டியையும் எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

“வேலைய விட்டுட்டேன் அண்ணி.”

“விட்டுட்டு? வீடு எப்படி ஓடும்?”

“எப்படியோ ஓடும். ஒரு வேள கம்மியாச் சாப்பிடுறோம்.”

போலீசக்கா பையை எடுத்துவந்து கொடுத்தாள். குழந்தை அவளைப் பார்த்ததுமே இரண்டு கையையும் நீட்டித் துள்ளத் தொடங்கியது. நாத்தனார் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புதான் அண்ணி. இளரத்தம், திமிரு. இப்போ நீங்க திருப்பிச் சொன்னப்பதான் அது எங்க குத்துதுன்னு தெரிஞ்சுது.” அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. நான் சொன்னதுக்கு மறுநாள் காலைல நீங்க எப்பவும்போலக் கிளம்பி வேலைக்குப் போயிட்டீங்க. என் கையில பிள்ளையக் குடுத்துட்டுத்தான் போனீங்க. என்னால அது முடியல.”

போலீசக்கா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அன்றைக்கு வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், யார் தலையில் எது விழுந்திருக்கும், அந்த வீட்டில் இந்த நாத்தனார் உட்பட எத்தனை வாய் இருந்தது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அதற்குள் நாத்தனார் படியிறங்கிவிட்டாள்.

குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலே ஏறிக் கையை நீட்டிக்கொண்டு அழுதது. பசி அழுகையா, தூக்க அழுகையா, வலியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் போலீசக்கா. இது அது எதுவும் இல்லை. இது ஆளைத் தேடுகிற அழுகை. தெருமுனை திரும்பிய பிறகும் கேட்டது.

“போயிட்டாளா?” என்று உள்ளேயிருந்து சமையல்காரி கேட்டாள்.

“தொலையட்டும். முதல் பிள்ளையப் பிடுங்குனவ ரெண்டாவதையும் பிடுங்கிட்டுப் போறா.”

சொன்ன பிறகுதான், தன் மகள் ஒருநாள்கூடத் தனக்காக இப்படி அழுததில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அதற்கும் நாத்தனாரையே சபித்தாள். சபித்தபடியே வெறும் கையோடு அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.